மோட்டார்ஹோமுக்குப் பின்னால் கார்: எப்படி இழுப்பது என்று முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

மொன்டானாவில் இருக்கும் கிளேசியர் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் ‘கோயிங் டு த சன்’ மலைச்சாலையில் போக வேண்டும் என்பதுதான் ஆசை. அந்தச் சாலையில் அவலாஞ்ச் முகாமிடத்துக்கும் ரைசிங் சன்னுக்கும் நடுவே 21 அடிக்கு மேல் நீளமான வண்டியை விடமாட்டார்கள். 8 அடிக்கு மேல் அகலம் இருந்தாலும் முடியாது. கலிபோர்னியாவின் டெத் வேலியில் டான்டேஸ் வியூவுக்கு ஏறும் சாலையிலும் 25 அடிதான் எல்லை. குடும்பமாகப் போக வாங்கும் மோட்டார்ஹோம் என்ற ஓடும் வீடுகளில் பெரும்பாலானவை 25 அடியைத் தாண்டியவை. அவ்வளவு தூரம் ஓட்டிப் போன பிறகு, பார்க்க வந்த இடத்துக்குள் போக ஒரு கார் தேவைப்படுகிறது.

அமெரிக்காவில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கோடையில் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள். படுக்கையும் கழிப்பறையும் கூடவே வருவதால் அவர்களுக்கு மோட்டார்ஹோம் பெரிய நிம்மதி. ஆனால் ஒரு லிட்டர் பால் வாங்கவோ, அப்பாவை அவசரமாக மருத்துவரிடம் கூட்டிப் போகவோ, குழாயையும் மின்கம்பியையும் கழற்றி, விரித்த அறையை உள்ளே இழுத்து, வீட்டையே கிளப்ப வேண்டியிருக்கும். இரண்டு பயணம் அப்படிப் போனதும் எல்லோரும் காரைப் பின்னால் இழுக்கும் யோசனைக்கு வந்துவிடுகிறார்கள்.

அப்போது என்னிடம் வரும் முதல் கேள்வி, “எந்த டோ பார் வாங்கலாம்?” என்பதுதான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. எப்படி இழுப்பது என்பதை உங்கள் காரின் கையேட்டில் உள்ள ஒரு பக்கமும், எடை மேடையில் கொடுக்கும் ஒரு சீட்டும் பெரும்பாலும் முடிவு செய்துவிடும். கடைக்குப் போவது அதற்கு அப்புறம்தான். இந்த வரிசையை மாற்றியவர்கள் கியர்பாக்ஸையோ இரண்டாயிரம் டாலரையோ இழந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மூன்று வழிகள்

முதல் வழியில் காரின் நான்கு சக்கரமும் தரையில் உருண்டு வரும். காரின் முன்பக்கத்துக்கும், மோட்டார்ஹோமின் பின்னால் இழுவைக்கென்று உள்ள ‘ஹிட்ச்’ என்ற இணைப்புக்கும் நடுவே ‘டோ பார்’ என்ற முக்கோண இரும்புக் கை இருக்கும். இதை ஃப்ளாட் டோயிங் என்பார்கள். முகாமிடங்களில் ‘ஃபோர் டவுன்’ என்றால் இதுதான். இப்படி வரும் காருக்கு ‘டோட்’ என்று செல்லப்பெயரும் உண்டு.

இரண்டாவது டோ டாலி. இரண்டு சக்கரம் கொண்ட சின்ன வண்டி. காரின் முன்சக்கரங்கள் அதன் மேல் ஏறிக்கொள்ளும், பின்சக்கரங்கள் தரையில் உருளும்.

மூன்றாவது டிரெய்லர். கார் முழுவதும் மேலே ஏறிவிடும், எந்தச் சக்கரமும் தரையில் படாது.

படி 1: காரின் கையேட்டைத் திறங்கள்

கையேட்டில் ‘ரெக்ரியேஷனல் டோயிங்’ என்ற தலைப்பைத் தேடுங்கள். பழுதான காரை அள்ளிப் போவதற்கான ‘எமர்ஜென்சி டோயிங்’ பகுதி வேறு, இது வேறு. உங்கள் காரின் ஆண்டு, எஞ்சின், கியர்பாக்ஸ், எத்தனை சக்கர இயக்கம் என்ற நான்கையும் பொருத்திப் படியுங்கள். ஒரே பெயருள்ள காரில் ஒரு வருடம் அனுமதி இருக்கும், அடுத்த வருடம் இருக்காது. ஹோண்டா சிஆர்-வி இதற்கு நல்ல உதாரணம். 2014 வரை வந்த ஐந்து கியர் ஆட்டோமேட்டிக் சிஆர்-வியை நான்கு சக்கரமும் தரையில் வைத்து இழுக்கலாம். 2015-இல் சிவிடி என்ற வேறு வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வந்ததும் அந்த அனுமதி போய்விட்டது. இன்றும் மோட்டார்ஹோம்களுக்குப் பின்னால் பழைய சிஆர்-விகள் இத்தனை வருவதற்குக் காரணம் இதுதான்.

ஏன் இப்படி என்று தெரிந்துகொண்டால் கையேட்டின் சொல்லை மீறத் தோன்றாது. பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் எண்ணெயைச் சுற்றவிடும் பம்ப்பை எஞ்சின்தான் ஓட்டுகிறது. காரை இழுக்கும்போது எஞ்சின் நின்றிருக்கும், சக்கரங்கள் மட்டும் சுழலும். அந்தச் சுழற்சி கியர்பாக்ஸின் உள்ளே போகும், ஆனால் எண்ணெய் வராது. நியூட்ரலில் போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பது இங்கேதான் தவறாகிறது. நியூட்ரலில் இருந்தாலும் உள்ளே பாதிப் பாகங்கள் சுழன்றுகொண்டுதான் இருக்கும். சில நூறு மைல் எண்ணெய் இல்லாமல் ஓடினால் அது எரிந்த கியர்பாக்ஸ்.

ஜீப் ராங்லரில் இந்தச் சிக்கல் இல்லை. கியர்பாக்ஸின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் அதன் டிரான்ஸ்ஃபர் கேஸில் தனியாக ஒரு நியூட்ரல் இருக்கிறது. அதில் போட்டால் சக்கரங்களுக்கும் கியர்பாக்ஸுக்கும் தொடர்பு அறுந்துவிடும். ஆட்டோமேட்டிக்காக இருந்தால் கியர்பாக்ஸைப் பார்க்கில் விட்டு இழுக்கச் சொல்கிறது கையேடு. நியூட்ரல் டோ வசதியுள்ள நான்கு சக்கர இயக்க ஃபோர்டு எஃப்-150 பிக்கப்களும், டிரான்ஸ்ஃபர் கேஸில் நியூட்ரல் உள்ள ஜீப் கிராண்ட் செரோக்கிகளும் இதே வகை. மேனுவல் கியர் கார்களில் பலவற்றுக்கு அனுமதி உண்டு. ஆனால் ‘பல’ என்பது ‘எல்லாம்’ ஆகாது, அதையும் கையேட்டில் பார்த்தே ஆக வேண்டும்.

இப்போது நம் வீட்டு கராஜ்களுக்கு வருவோம். ஹோண்டா ஒடிசி, டொயோட்டா சியன்னா, டொயோட்டா ராவ்4, டெஸ்லா மாடல் ஒய் ஆகிய நான்கில் ஒன்றாவது அங்கே நிற்கும். இந்த நான்கையும் ஃப்ளாட் டோ செய்ய முடியாது. ஒடிசி முன்சக்கர இயக்கம் என்பதால் டாலியை யோசிக்கலாம். சியன்னாவிலும் ராவ்4-இலும் முன்சக்கர இயக்க மாடலுக்கு மட்டும்தான் டாலி. ஆல் வீல் டிரைவ் என்றால் பின்சக்கரங்களும் இயங்கும் அமைப்பு என்பதால் அவற்றையும் தரையில் உருளவிடக் கூடாது. சியன்னா ஆல் வீல் டிரைவில் பின்னால் தனி மின்மோட்டாரே இருக்கிறது. டெஸ்லாவுக்கு நான்கு சக்கரமும் தரையை விட்டு மேலே இருக்க வேண்டும் என்று கையேடு தெளிவாகச் சொல்கிறது. அதற்கு டிரெய்லர் தவிர வேறு வழியில்லை.

கார் விற்கும் இடத்தில் “இழுக்கலாம் சார், ஒன்றும் ஆகாது” என்று வாயால் சொன்னதை நம்பி வாங்காதீர்கள். பழைய காராக இருந்தாலும், அந்த ஆண்டின் கையேட்டைத் தயாரிப்பாளரின் தளத்திலேயே இலவசமாகப் படிக்கலாம். அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது திரும்பத் திரும்பத் தேவைப்படும்.

படி 2: எடை மேடைக்குப் போங்கள்

“என் ஹிட்ச் 5,000 பவுண்டு தாங்கும், கார் 4,500 பவுண்டு, அதனால் சரி” என்று கணக்குப் போடுவார்கள். இது பாதிக் கணக்கு. மோட்டார்ஹோமுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று, வண்டியும் அதன் உள்ளே உள்ள எல்லாமும் சேர்ந்து எவ்வளவு எடை இருக்கலாம் என்பது. அதை ஜிவிடபிள்யூஆர் என்பார்கள். இன்னொன்று, வண்டியும் பின்னால் இழுப்பதும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்பது. அது ஜிசிடபிள்யூஆர். இந்த இரண்டாவது எண்ணிலிருந்து உங்கள் மோட்டார்ஹோமின் உண்மையான எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நீங்கள் இழுக்கக்கூடியது. அது ஹிட்ச் எண்ணை விடக் குறைவாக இருந்தால் குறைந்த எண்ணே செல்லும். ஹிட்ச் எண் குறைவாக இருந்தால் அதுவே செல்லும்.

உதாரணமாக, ஃபோர்டு இ-450 அடிச்சட்டத்தில் கட்டிய கிளாஸ் சி வண்டிக்கு (வேன் முகப்புக்குப் பின்னால் வீட்டுப் பெட்டி கட்டிய வகை) ஜிவிடபிள்யூஆர் 14,500 பவுண்டு, ஜிசிடபிள்யூஆர் 22,000 பவுண்டு. எல்லாம் ஏற்றிய பிறகு வண்டி 13,600 பவுண்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மிச்சம் 8,400. ஆனால் ஹிட்ச்சில் 5,000 என்று முத்திரை இருந்தால் 5,000-க்கு மேல் போகக் கூடாது. மெர்சிடீஸ் ஸ்பிரிண்டர் 3500-இல் கட்டிய வண்டிகள் இதற்கு நேர்மாறு. அவற்றில் பலவற்றுக்கு ஜிவிடபிள்யூஆர் 11,030, ஜிசிடபிள்யூஆர் 15,250. வண்டி 10,900 பவுண்டு இருந்தால் மிஞ்சுவது 4,350 மட்டும். ஹிட்ச்சில் 5,000 என்று எழுதியிருந்தும் 4,400 பவுண்டு காரை இழுக்க முடியாது. ஹிட்ச்சை மட்டும் பார்த்தவர் இங்கே தவறிவிடுவார்.

அதனால் எடையை ஊகிக்காதீர்கள். பெட்ரோல் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, எரிவாயு, அரிசி மூட்டை, குக்கர், பெட்டிகள், குடும்பம் என்று பயணத்துக்குப் போகிற நிலையிலேயே எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்புக்குப் போங்கள். அங்கே கேட் ஸ்கேல் என்ற எடை மேடை இருக்கும். முன் அச்சு, பின் அச்சு, பின்னால் வருவது என்று தனித்தனியாக எடை போட்டுச் சீட்டு தருவார்கள். செலவு பெரிதாக இராது. தண்ணீரை மறந்துவிடாதீர்கள், ஒரு காலன் 8.3 பவுண்டு. 40 காலன் தொட்டி நிரம்பியிருந்தால் 330 பவுண்டுக்கு மேல் ஆகிறது. அது இரண்டு பெரியவர்களின் எடை.

ஒவ்வொரு அச்சுக்கும் தனி எல்லை இருக்கிறது, ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் வில்லையில் பாருங்கள். பின் அச்சு ஏற்கனவே எல்லையைத் தொட்டிருந்தால் டிரெய்லர் என்ற வழியே மூடிவிடும். காரணம் அடுத்த படியில்.

படி 3: வழியைத் தேர்ந்தெடுப்பது

கையேடு அனுமதித்தால், எடையும் சரியாக இருந்தால், ஃப்ளாட் டோயிங்தான் சிறந்தது என்பது என் கருத்து. கூடுதல் எடை ஏறக்குறைய எதுவும் இல்லை. பழகிவிட்டால் ஐந்து பத்து நிமிடத்தில் மாட்டலாம். முகாமிடத்தில் கழற்றிய பிறகு டாலியையோ டிரெய்லரையோ எங்கே நிறுத்துவது என்ற கவலையும் இல்லை. இந்தக் கடைசி விஷயத்தை வாங்கும்போது யாரும் யோசிப்பதில்லை. தேசியப் பூங்காக்களின் பழைய முகாமிடங்களில் மோட்டார்ஹோமே நெருக்கிப் பிடித்துத்தான் நிற்கும். 18 அடி டிரெய்லருக்கு அங்கே இடம் ஏது?

இதில் உள்ள குறை, முதல் செலவு. காரின் முன்பக்கத்தைக் கழற்றி, சட்டத்தோடு சேர்த்து ‘பேஸ் பிளேட்’ என்ற இரும்புப் பட்டையை முடுக்க வேண்டும். பார், பேஸ் பிளேட், மின்இணைப்பு, பிரேக், கூலி என்று எல்லாம் சேர்த்து 3,000 முதல் 5,000 டாலர் வரை ஆகும். காரை மாற்றினால் பாரை எடுத்துக்கொண்டு போகலாம், பேஸ் பிளேட் போனது போனதுதான். அது அந்தந்த மாடலுக்கென்று செய்தது.

டாலி, வீட்டில் இருக்கும் முன்சக்கர இயக்க காரை அப்படியே பயன்படுத்த நினைப்பவருக்கு. காரில் எதையும் மாற்ற வேண்டாம், வேறு முன்சக்கர இயக்க காரையும் அதே டாலியில் ஏற்றலாம். ஆனால் டாலியின் எடையும் கணக்கில் சேரும். 4,500 பவுண்டு ஒடிசியை 500 பவுண்டு டாலியில் ஏற்றினால் 5,000 பவுண்டு ஹிட்ச் அங்கேயே நிரம்பிவிட்டது. காருக்குள் ஒரு மடக்கு நாற்காலி போட்டாலும் எல்லை தாண்டும். ஒடிசி, சியன்னா அகலமான வண்டிகள், டாலியின் அகலத்துக்குள் சக்கரங்கள் அடங்குமா என்று அளந்து பாருங்கள். டாலி தாங்கும் எடையையும் பாருங்கள், சின்னக் கார்களுக்கென்று செய்த டாலிகள் நிறைய உண்டு. சக்கரத்தைக் கட்டும் பட்டைகள் முதல் சில மைல்களில் தளரும். அதனால் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் நிறுத்தி இறுக்கியே ஆக வேண்டும். மழையில் சேற்றில் முழங்காலிட்டு அதைச் செய்ய உடம்பு ஒத்துழைக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிரெய்லரில் எந்தக் காரையும் ஏற்றலாம், காரின் டயரும் தேயாது, ரிவர்ஸும் எடுக்கலாம். ஆனால் எடை அதிகம். யூ-ஹால் வாடகைக்கு விடும் கார் டிரெய்லர் காலியாகவே 2,210 பவுண்டு. அலுமினிய டிரெய்லர் ஒன்று 1,500 முதல் 1,800 வரை வரும். அதில் 4,400 பவுண்டு மாடல் ஒய் ஏறினால் 6,000 பவுண்டைத் தொடும். 5,000 பவுண்டு ஹிட்ச் உள்ள வண்டிகள் இதோடு விலக வேண்டியதுதான். மேலும், டிரெய்லர் ஆடாமல் வர அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சின் மேல் அழுத்த வேண்டும். 6,000 பவுண்டுக்கு அது 600 முதல் 900 பவுண்டு. மோட்டார்ஹோமின் பின்பகுதி அச்சைத் தாண்டி நீண்டு கிடப்பதால், கடைசியில் வைக்கும் சுமை நெம்புகோல் போல வேலை செய்யும். பின் அச்சில் 600-ஐ விட அதிகம் ஏறும், முன் அச்சு லேசாகி ஸ்டியரிங் பிடிமானம் குறையும். அதனால்தான் பின் அச்சின் எடையைப் பார்க்கச் சொன்னேன். டீசல் எஞ்சின் பின்னால் உள்ள, பஸ் போன்ற பெரிய கிளாஸ் ஏ வண்டிகள் பலவற்றில் ஹிட்ச்சே 10,000 பவுண்டு தாங்கும், அவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை.

டெஸ்லா மட்டும் வைத்திருக்கும் கிளாஸ் சி உரிமையாளர் என்ன செய்வது? என் நேர்மையான பதில்: அதை வீட்டில் விட்டுவிடுங்கள். ஃப்ளாட் டோ செய்யக்கூடிய பழைய கார் ஒன்றை வாங்குங்கள், அல்லது பூங்காவை ஒட்டிய ஊரில் இரண்டு நாளைக்கு வாடகைக் கார் எடுங்கள். வருடத்துக்கு ஒரு பயணம்தான் என்றால் வாடகைக் கார் எல்லா வழிகளையும் விட மலிவு. மோட்டார்ஹோமே வாடகை என்றால் ஒப்பந்தத்தை முதலில் படியுங்கள், பின்னால் எதையும் இழுக்கக் கூடாது என்று பலர் எழுதியிருப்பார்கள்.

படி 4: பிரேக் பற்றிப் பேரம் பேசாதீர்கள்

13,600 பவுண்டு வண்டிக்குப் பின்னால் 4,000 பவுண்டு காரை மாட்டினால், நிறுத்த வேண்டிய எடை ஏறக்குறைய 30 சதவீதம் கூடுகிறது. மோட்டார்ஹோமின் பிரேக் தன் சொந்த எடையை நிறுத்தத்தான் செய்யப்பட்டது. கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை ஐசன்ஹோவர் சுரங்கத்தில் 11,000 அடி உயரத்தைத் தாண்டி இறங்குகிறது. லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே ஐ-5-இல் கிரேப்வைன் இறக்கம் 6 சதவீதச் சரிவு. இந்த இரண்டிலும் சூடான பிரேக்கின் நாற்றத்தை முகர்ந்தவர் யாரும் காருக்குத் தனி பிரேக் வேண்டுமா என்று கேட்க மாட்டார்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 3,000 பவுண்டுக்கு மேல் இழுத்தால் தனி பிரேக் கட்டாயம் என்பது பல மாநிலங்களில் உள்ள கோடு, சில இடங்களில் 1,500 பவுண்டு. ஃபோர்டு தன் இழுவைக் கையேட்டில் 1,500 பவுண்டுக்கு மேல் எதை இழுத்தாலும் பிரேக் வேண்டும் என்கிறது. எந்தக் காரும் அந்தக் கோட்டுக்கு மேலேதான். அதனால் எந்த மாநிலத்தில் ஓட்டினாலும் பிரேக் வைத்துக்கொள்ளுங்கள், சட்டத்தைத் தேடும் வேலையும் மிச்சம்.

ஃப்ளாட் டோயிங்குக்கு இரண்டு வகை பிரேக் உண்டு. ஒன்று, ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் தரையில் வைக்கும் பெட்டி. வேகம் குறைவதை உணர்ந்து அதன் கை பெடலை மிதிக்கும். விலை குறைவு, வேறு காருக்கும் மாற்றலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் தூக்கி வைக்க வேண்டும், கார் தேவைப்படும்போது எடுக்க வேண்டும். இன்னொன்று, காரில் நிரந்தரமாகப் பொருத்துவது. மாட்டும்போது ஒரு வயரைச் செருகினால் போதும். நீங்கள் வருடத்துக்கு நான்கைந்து முறை கிளம்புபவர் என்றால் நிரந்தரமானதையே வாங்குங்கள். தூக்கி வைக்கச் சோம்பி “பக்கத்தில்தானே” என்று விடும் நாள் ஒன்று வரும். அந்த நாளில்தான் முன்னால் போகிறவர் திடீரென்று நிற்பார்.

பெட்டி வகையை வைக்கும்போது ஒரு நுணுக்கம். எஞ்சின் நின்ற காரில், மிதிப்பதை எளிதாக்கும் பிரேக் பூஸ்டருக்குள் கொஞ்சம் வெற்றிடம் தங்கியிருக்கும். அது தீரும் வரை பெடல் மெத்தென்று இருக்கும், தீர்ந்ததும் கல்லாகிவிடும். மெத்தென்று இருக்கும்போது அளவு வைத்தால், சாலையில் நாலு முறை மிதித்த பிறகு பிரேக் பிடிக்காது. எனவே எஞ்சினை நிறுத்தி, பெடலை நாலைந்து முறை மிதித்து இறுகவிட்டு, அப்புறம் அளவு வையுங்கள். கார் நின்றிருந்தாலும் பிரேக்குக்கு மின்விசை வரும் ஹைபிரிட் வகைகளுக்கு அமைப்பு வேறு, பிரேக் தயாரிப்பாளரின் குறிப்பைப் பாருங்கள்.

அதோடு இரண்டு பொருள்கள் தவிர்க்கக் கூடாதவை. ஒன்று, கார் பிய்த்துக்கொண்டு போனால் தானாகவே அதன் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் ‘பிரேக்அவே’ சுவிட்ச். அதன் கம்பியை மோட்டார்ஹோமின் சட்டத்தில் கட்டுங்கள். டோ பாரில் கட்டினால், பாரோடு சேர்ந்து கார் போகும்போது கம்பி இழுபடாது, சுவிட்ச்சும் வேலை செய்யாது. இன்னொன்று, கார் பிரேக் பிடிப்பதை உங்கள் முன்னால் காட்டும் விளக்கு. பிரேக் லேசாகப் பிடித்தபடியே நூறு மைல் வந்தால் சக்கரம் தீப்பிடிக்கும், முன்னால் இருக்கும் உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

டாலி, டிரெய்லர் வாங்கினாலும் பிரேக் உள்ளதாக வாங்குங்கள்.

படி 5: மற்ற சாமான்கள்

இப்போதுதான் டோ பார். காரில் நிரந்தரமாக நிற்கும் மலிவான இறுகிய பார்கள் உண்டு, ஆனால் அவற்றை மாட்ட காரை அங்குலம் பிசகாமல் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். மோட்டார்ஹோமின் ஹிட்ச்சில் மடங்கி நிற்கும், கைகள் நீண்டு சுருங்கும் வகைதான் தினசரிப் பயன்பாட்டுக்கு நல்லது. சரிவில் நின்றாலும் பூட்டு இறுகிக்கொள்ளாத வகைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள். அந்தப் பணம் வீண் போகாது. காரின் எடையோடு அதற்குள் வைக்கும் சைக்கிளையும் குளிர்பெட்டியையும் சேர்த்து, அதற்கும் மேலே தாங்கும் பாராகப் பாருங்கள். ஹிட்ச், பார், பேஸ் பிளேட், கம்பி ஆகியவற்றில் எது குறைவாகத் தாங்குமோ அதுதான் உங்கள் எல்லை.

பார் கிட்டத்தட்ட மட்டமாக இருக்க வேண்டும். ஹிட்ச் உயரத்துக்கும் பேஸ் பிளேட் உயரத்துக்கும் மூன்று நான்கு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஏற்றி இறக்கும் ஹிட்ச் துண்டு ஒன்றைப் பொருத்துங்கள். சாய்வாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது கார் மோட்டார்ஹோமுக்கு அடியில் நுழையவோ மேலே ஏறவோ பார்க்கும்.

பாதுகாப்புக் கம்பிகள் இரண்டு. பின்விளக்குக்கு ஒரு வயரிங். காரின் பேட்டரி இறங்காமல் இருக்க ஒரு சார்ஜ் வயரும் போடச் சொல்லுங்கள். சாவியை ஆக்சஸரியில், அதாவது எஞ்சின் ஓடாமல் மின்சாரம் மட்டும் வரும் நிலையில், வைத்து இழுக்கும் கார்களில் எட்டு மணி நேரப் பயணத்துக்குப் பிறகு ஸ்டார்ட் ஆகாமல் நிற்பது அடிக்கடி நடக்கும். அப்புறம் டயர் அழுத்தத்தைக் காட்டும் கருவி, காரின் நான்கு டயருக்கும் சேர்த்து. இது ஆடம்பரம் என்று நானும் ஒருகாலத்தில் நினைத்தேன். பின்னால் வரும் காரின் டயர் காற்று இறங்கிக் கிழிந்துகொண்டிருந்ததை எங்களுக்குச் சொன்னது பக்கத்தில் ஓட்டி வந்த முன்பின் தெரியாத ஒருவர். மோட்டார்ஹோமின் இருக்கையில் எந்த அதிர்வும் இல்லை. அடுத்த வாரமே கருவியை வாங்கினேன்.

படி 6: மாட்டுவது

மட்டமான, நேரான இடத்தில் மாட்டுங்கள். காரை நேர் பின்னால் கொண்டுவந்து பார்க்கிங் பிரேக் போடுங்கள். பாரின் இரு கைகளையும் பேஸ் பிளேட்டில் செருகி, பூட்டும் ஊசியை (பின்) போட்டு, கிளிப்பைப் பூட்டுங்கள். பாதுகாப்புக் கம்பிகளைப் பாருக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். அப்போதுதான் பார் கழன்றாலும் அது தரையில் குத்தாமல் கம்பி தாங்கும். திரும்பும்போது இறுகாத அளவு தொய்வு வேண்டும், ஆனால் சாலையில் உரசவும் கூடாது. பிறகு மின்வயர், பிரேக்அவே கம்பி, பிரேக். பெட்டி வகை பிரேக்கை மட்டும் அடுத்த கியர் வேலை முடிந்து எஞ்சின் நின்ற பிறகு வையுங்கள்.

அதன் பிறகு கையேட்டில் உள்ள கியர் வரிசை. 2014 வரையான சிஆர்-வியில், எஞ்சினை ஓடவிட்டு, எல்லா கியருக்கும் நகர்த்தி, டி-யில் 5 விநாடி நிறுத்தி, என்-னுக்குக் கொண்டுவந்து, மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். உள்ளே எல்லா இடத்துக்கும் எண்ணெய் போவதற்குத்தான் அந்த மூன்று நிமிடம். ஆர்-இலிருந்து நேராக என்-னுக்கு வந்து விட்டுவிடக் கூடாது. ஒரே நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். சாவியை ஆக்சஸரியில் விடுவது ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்க. முன்சக்கரங்கள் தாமாகத் திரும்பினால்தான் கார் பின்தொடரும்.

கடைசியாகப் பார்க்கிங் பிரேக்கை எடுங்கள். இதை மறப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு, டயரையும் பிரேக்கையும் சேர்த்து அழிக்கும் தவறும் இதுதான்.

விளக்குகளை இரண்டு பேராகச் சரிபார்த்த பிறகு, ஒருவர் வெளியே நிற்க, மோட்டார்ஹோமை நடக்கும் வேகத்தில் கொஞ்சம் இடமும் வலமுமாக நகர்த்துங்கள். பாரின் இரு கைகளும் நீண்டு ‘டக்’ என்று பூட்டுவது கேட்க வேண்டும். வெளியே நிற்பவர் காரின் நான்கு சக்கரமும் உருள்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் இந்தப் பட்டியலை அட்டையில் எழுதி ஸ்டியரிங்கில் தொங்கவிட்டிருக்கிறோம். ஒருவர் படிக்க, ஒருவர் தொட்டுப் பார்ப்பார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் முதலிலிருந்து தொடங்குவோம். காருக்குள் யாரும் உட்காரக் கூடாது, தூங்கும் குழந்தைக்கும் இதில் விலக்கு இல்லை.

படி 7: சாலையில்

ஃப்ளாட் டோயிலும் டாலியிலும் ரிவர்ஸ் எடுக்க முடியாது. எடுத்தால் காரின் முன்சக்கரங்கள் ஒரு பக்கம் ஒடிந்து திரும்பி, பாரை வளைத்துவிடும். எனவே உள்ளே நுழையும் முன் வெளியேறும் வழி தெரிந்திருக்க வேண்டும். சின்னப் பெட்ரோல் நிலையங்களைத் தவிர்த்து, டிரக் ஸ்டாப்பில் போடுங்கள். முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டால் ஒரே வழி, காரைக் கழற்றித் தனியாக வெளியே எடுப்பது. வளைந்த நிலையில் ஊசி இறுகிக்கொண்டு வராது. ஒரு ரப்பர் சுத்தியலைக் கையோடு வையுங்கள்.

வேகத்தை மணிக்கு 60 மைலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிஆர்-வி கையேடு 65 மைலுக்கு மேல் வேண்டாம் என்கிறது, யூ-ஹால் தன் டாலிக்கும் டிரெய்லருக்கும் 55 என்கிறது. கலிபோர்னியாவில் எதை இழுத்தாலும் சட்டப்படி 55தான். அந்த மாநிலத்திலும் இன்னும் பல மாநிலங்களிலும் மொத்த நீளம் 65 அடியைத் தாண்டக் கூடாது, பெரிய கிளாஸ் ஏ வண்டிக்காரர்கள் கூட்டிப் பார்க்க வேண்டியது இது. இறக்கத்தில் டோ/ஹால் பொத்தானைப் போட்டு, கியரே வண்டியைப் பிடிக்கும்படி விட்டு, பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சுற்று நடந்து ஊசிகளைத் தொட்டுப் பாருங்கள், சக்கரங்களுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். நான்கில் ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் கிளம்பும் முன்பே எழுதி, இழுக்கும்போது காருக்கு நேரும் சேதம் எந்தப் பாலிசியில் வரும் என்று எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: கழற்றுவது

முகாமிடத்தின் வாசலிலேயே, உங்கள் இடத்துக்குள் திரும்பும் முன், நேரான இடத்தில் கழற்றிவிடுங்கள். முதலில் காருக்குள் போய்ப் பார்க்கிங் பிரேக்கைப் போடுங்கள், அதன் பிறகுதான் ஊசியைத் தொட வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் உள்ள ஜீப், கியர் பார்க்கில் இருந்தாலும் உருளும். அதற்கு முன்னால் குனிந்திருப்பது நீங்கள்.

பாரை மடக்கி, வயர்களைச் சுருட்டி, பிரேக் பெட்டியை வெளியே எடுத்து, டிரான்ஸ்ஃபர் கேஸை ஓட்டும் நிலைக்குத் திருப்புங்கள். பார்க்கில் போட்டு, மிதி பிரேக்கில் காலைத் தயாராக வைத்தபடி, பார்க்கிங் பிரேக்கை மெல்ல விட்டுப் பாருங்கள். கார் அசையாமல் நின்றால் அப்பா அம்மாவை ஏறச் சொல்லலாம்.